மலைவழியும் முறைப்பாசனமும்

சோழநாட்டிற் பிறந்தார்க்கு மலை என்பது பெரும்பாலும் கேள்விப்பொருளேயாம். கண்ணுக்கெட்டிய தொலைவு வயல்; வயலுக்கு அப்பால் தென்னந்தோப்பு; தோப்புக்கு அப்பால் ஒரு கோபுரம்; அவ்வளவே நம் அடிவானம். மலையென்று பெயர்படைத்த சுவாமிமலையும் கட்டுமலையே. அறுபது படிகளில் முடிந்துவிடும். சிறுவராயிருந்த காலத்தில் அதன்மேல் ஏறியிறங்கி, 'மலையேறி வந்தோம்' என்று வீட்டிற் பெருமை பேசினோம். கல்லூரிக்கு வந்து, தென்காசியினின்றும் கோயமுத்தூரினின்றும் வந்த தோழரோடு பழகிய பின்னரே அப்பெருமையின் அளவு நமக்கு விளங்கிற்று.

எனினும், மலையோடு நமக்குள்ள உறவு மற்றெவர்க்கும் உள்ளதினும் குறைந்ததன்று. குடகுநாட்டுப் பிரமகிரியிலுள்ள தலைக்காவிரியே நம் சோற்றுப்பானைக்கு ஊற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குமலைத் தொடரில் மோதிப் பெய்யும் மழை ஓராண்டு பொய்த்தால், வழக்கம்போல் ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணையின் கதவு திறவாது. கதவு திறவாதெனில் ஆற்றுநீரை நம்பியவர்க்குக் குறுவை இல்லை. அகத்திய முனிவரின் கமண்டலத்தைக் காகம் கவிழ்க்கக் காவிரி பெருகியோடினாள் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. அம்முனிவர் இன்றும் உறைவதாகத் தமிழர் நம்பும் இடம் பொதியமலை. ஆகவே, காவிரிக்கரை மாணாக்கன் ஒருவன் பொதியத்தின் உச்சியில் ஒருமுறை நின்று பார்க்க விழைந்தால், அதனை வீண் உல்லாசம் என்று தள்ளிவிடுதற்கில்லை. அவ்விழைவு இக்காலத்தில் நிறைவேறுவது எங்ஙனம், அல்லது நிறைவேறாமற் போவது எங்ஙனம் என்பதைப்பற்றியே ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றோம்.

பொதியத்தின் கொடுமுடியாகிய அகத்தியர்கூடம் ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரமுடையது. தமிழ்நாடும் கேரளமும் தழுவிக்கிடக்கும் அம்மலைநிலம் 2001-ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் பக்கத்துச் சரிவு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். உச்சிக்குச் செல்வோர் அண்மைக்காலமாகக் கேரளத்துப் போனக்காட்டு வழியாகவே செல்கின்றனர். ஆண்டுதோறும் தை, மாசி ஒட்டிய சில வாரங்களே அவ்வழி பொதுமக்களுக்குத் திறக்கப்படும். நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறுபேர்க்கே இடம். முதல்நாள் காட்டினூடு நடந்து அதிருமலை முகாமில் தங்கல், மறுநாள் உச்சி, இறுதியிற் கயிற்றைப் பற்றிப் பாறையேறுதல், மூன்றாம்நாள் இறக்கம். நெகிழிப் பொருளும் மதுவும் கொண்டுசெல்லலாகாது. மருத்துவரின் உடற்றகுதிச் சான்று வேண்டும். இவையெல்லாம் தக்க விதிகளே.

இத்தகைய எல்லைகளை வெறுப்பாரும் உளர். காடு எல்லார்க்கும் பொது. அதற்குள் நடப்பதற்குச் சீட்டு ஏன் என்று அவர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை குரங்கணியில் எழுதப்பட்டுள்ளது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் பற்றிய காட்டுத்தீயில், கொழுக்குமலையினின்று இறங்கிக்கொண்டிருந்த மலைநடைக் கூட்டத்தார் சிக்கினர். அன்றும், பின்னர் மருத்துவமனையிலுமாக இருபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் இளைஞர், பெண்டிரும் பலர். வாங்கிய சீட்டிற் கண்ட வழி வேறு, அவர்கள் நடந்த வழி வேறு என்று அக்காலத்துச் செய்தித்தாள்கள் எழுதின. கோடையிற் காய்ந்த புல்வெளியில், வழியறிந்த காட்டுமகன் ஒருவனும் போதிய அளவில் உடனின்றி, நாற்பதின்மரை ஒத்த கூட்டம் நடப்பதென்றால் அதன் இடர் எத்தகையதென்று அன்று நாடு கண்டது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலைநடைக்கென்று தனி விதிகள் வகுத்தது. அவ்விதிகளைக் குறைகூறுவார் முதலில் அந்தச் சரிவை மனக்கண்ணாற் பார்த்துவிட்டுப் பேசுவாராக.

தீ ஒன்றே அன்று. ஆயிரம் கால்கள் மிதித்த சரிவில் புல் முளைப்பதில்லை. புல்லற்ற சரிவின் மண்ணை முதல்மழை கொண்டுபோய்விடும். யானை நீரருந்த வரும் ஓடையில் மனிதர் கூட்டமாய்க் கூச்சலிட்டால் யானை வேறிடம் தேடும். அவ்விடம் பெரும்பாலும் ஏழைக் குடியானவனின் வாழைத்தோட்டமாக இருக்கும். எனவே, நூறுபேர்தாம் என்னும் வரம்பை நாம் மனமார ஒப்புகின்றோம். ஐம்பதாகக் குறைத்தாலும் ஒப்புவோம். நம் வழக்கு வரம்பைப்பற்றியதன்று. அந்த நூறுபேர் யாவர் என்று தெரிந்தெடுக்கும் வகையைப்பற்றியது.

அவ்வகை இப்பொழுது பெரும்பாலும் எங்ஙனம் உளது? இன்ன நாள், இன்ன மணிக்கு இணையத்தளம் திறக்குமென்று அறிவிக்கின்றனர். அந்த நொடியில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கணிப்பொறிமுன்னும் கைப்பேசிமுன்னும் விரலை நீட்டிக் காத்திருப்பர். கதவு திறந்ததும் ஓட்டம். புகழ்பெற்ற வழியாயின் சில மணிநேரத்தில், சிலவேளை அதற்கும் முன்னரே, பருவம் முழுமைக்குமான இடம் தீர்ந்துபோகும். முந்தினவர்க்குச் சீட்டு, பிந்தினவர்க்கு அடுத்த ஆண்டு. இம்முறை நேர்மையானதுபோல் தோன்றும். சிபாரிசு இல்லை, கைக்கூலி இல்லை, யார் முந்தினார் என்பதே கேள்வி. பொறிக்கு ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு தெரியாதே என்பர்.

பொறிக்குத் தெரியாது, மெய்தான். பொறியை அடையும் வழிக்குத் தெரியும். நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகின்றோம். அது எந்த மலை, எந்த அலுவலகம் என்பது ஈண்டு வேண்டா. நாமும் நம் தோழர் நால்வருமாக ஒரு மலைவழிக்குப் பதிவுசெய்ய முனைந்தோம். பணத்தை ஓராண்டாகச் சிறுகச் சேர்த்திருந்தோம். மருத்துவச் சான்றுக்கும் சொல்லி வைத்திருந்தோம். ஐவருள் எல்லார்க்கும் முன்னே இதற்கு ஆசைப்பட்டவர் ஒருவர். வேதாரணியத்திற்கு இப்புறத்தே கடைமடைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். இந்தத் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று ஒரு மலையோடையைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். பதிவு திறந்த அன்று காலை அவர் சம்பா நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். தகப்பனார் நோயாளி, மூட்டைகளை விட்டு நகரவியலாது, இரவு பனிக்குத் தார்ப்பாய், பகலில் ஈரப்பதச் சோதனைக்குக் காத்திருப்பு. ஊருக்குள் கைப்பேசிக்கு அலைவரிசை வாய்க்காற்கரையில் ஒரு புளியமரத்தடியில்தான் வரும். அவர் அங்கு ஓடிச்சென்று பெயரையும் எண்ணையும் நிரப்பி முடிக்கும்முன் இடம் தீர்ந்தது. நகரத்தில், கம்பிவழி இணையம் உள்ள வீட்டிலிருந்த தோழர் இருவர்க்குச் சீட்டுக் கிடைத்தது. அவர்கள் செல்லவில்லை, ஐவரும் சேர்ந்து போவதென்றே பேச்சு. இரண்டு இடம் வெறுமே கிடந்து வீணாயிற்று என்பதே அதிற் பெரிய வேதனை.

பின்பொருநாள் இதனைப் பேசிக்கொண்டிருக்கையில் அத்தோழர் சிரித்துக்கொண்டே, "தலைமடைக்காரன் வாய்க்காலை வெட்டி விட்டுக்கொண்டான், நாம் கடைமடை, நமக்கு எப்பொழுதும் வண்டல்கூட வராது" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்ன சொல் நம்மைவிட்டு அகலவில்லை. ஏனெனில், பகிர்ந்துகொள்ளப் போதாத ஒரு பொருளை எங்ஙனம் பகிர்வது என்னும் வினாவுக்கு உலகிற் பழமையான விடைகளுள் ஒன்று நம் வயல்களிலேயே உளது. அதன் பெயர் முறை.

கல்லணையில் வந்து சேரும் நீர் காவிரியாகவும் வெண்ணாறாகவும், தஞ்சையில் நாம் புதாறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிகின்றது. மிகுவெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். நீர் நிறைய வரும் ஆண்டில் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. மடையைத் திறந்தவர்க்கெல்லாம் நீர். நீர் குறைந்த ஆண்டில் அங்ஙனம் விட்டால் என்னாகும்? தலைமடையில் இரண்டாம் களையெடுப்பு நடக்கையில் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். ஆதலால் முறை வைக்கின்றனர். இத்தனை நாள் இந்த ஆற்றில், இத்தனை நாள் அந்த ஆற்றில். வாய்க்காலுக்குள்ளும் இன்னாருக்குப் பின் இன்னார். நீர்வளத்துறை லஸ்கர் கதவை இறக்கும்போது தலைமடைக்காரர் முணுமுணுப்பர். ஆயினும் இறங்கத்தான் செய்யும். முறைதவறி இரவில் மடை வெட்டுவாரும் உண்டு. அதுபற்றி அடிதடியும் உண்டு. அடிதடி நடப்பதே முறையை மக்கள் உரிமையென்று கொண்டிருத்தற்குச் சான்று. இல்லாத உரிமைக்கு எவரும் மண்டையை உடைத்துக்கொள்ளார்.

மாநிலங்களுக்கிடையேயும் இதுவே வழக்கு. 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அதனைத் திருத்தி, கருநாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் தரவேண்டும் என்று முடிவுகூறியது. அத்தீர்ப்பில் நமக்குக் குறையுண்டு. அதனை இங்கே பேசவேண்டுவதில்லை. ஆயினும் மேலே இருப்பவன் முதலில் அணையைக் கட்டினான், ஆகவே முழுதும் அவனுக்கே என்று எந்த மன்றமும் கூறவில்லை. நீருக்கு ஒவ்வாத இந்நியாயம் மலைக்கு மட்டும் ஒத்துவருவது எப்படி?

முந்தினவர்க்கே என்னும் விதி, பொருள் மிகுந்து வேண்டுவோர் குறைந்த இடத்தில் தீங்கற்றது. நம் கோடிக்கரையையே காட்டலாம். 1967-இல் சரணாலயமான அக்காட்டில் வெளிமானையும், பருவத்தில் வலசைவரும் பறவைகளையும் காண்பதற்கு வாயிலிற் கட்டணம் செலுத்திச் சென்றுவரலாம். முந்துவோர் பிந்துவோர் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வேண்டுவோர் பெருகிப் பொருள் அருகிய இடத்திலோ அதே விதி, வசதியுடையார்க்குச் செய்யும் சலுகையாகிவிடுகின்றது. விதி மாறவில்லை, ஆற்றில் நீரின் அளவு மாறிற்று.

சரி, முறையென்றால் மலைக்கு அதனை வைப்பது எங்ஙனம்? வயலுக்கு வரிசை உண்டு. மனிதர்க்கு வரிசை யாது? இதற்கும் சோழர் காலத்திலேயே ஒரு விடை காண்கின்றோம். முதற் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து, ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்தனர். சிறுவன் எடுக்கவேண்டுமென்பது எத்துணை நுட்பமான ஏற்பாடு! அதனினும் சிறந்தது மற்றொன்று: முந்திய மூன்றாண்டில் வாரியஞ் செய்தவன் பெயர் குடத்திற்குள் போதல் கூடாது. ஒருமுறை பெற்றவன் சற்றே விலகியிருந்து பிறர்க்கு இடங்கொடுக்க வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தனர். நிலமும் வேதப்பயிற்சியும் உடைய அந்தணர் சபைக்கு மட்டுமே அந்தக் குடம் வைக்கப்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை; குடத்திற்கு வெளியே நின்றவரே ஊரில் மிகுதி. ஆயினும், சபைக்குள்ளார் அளவிலாவது பதவியைச் செல்வாக்கினின்று பிரிக்க அவர்கள் கண்ட கருவி நல்ல கருவி. அதனை எல்லார்க்குமாக வைப்பது நம் காலத்தின் கடமை.

சீட்டுப்போடுதல் சூதாட்டத்தின் தம்பி. ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் அதனைப் பரிந்துபேசலாமா என்று நம் ஆசிரியர் ஒருவர் நகையாடினார். யோசுவா சீலோவிலே கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டது சீட்டினால். யூதாசின் இடத்திற்கு மத்தியாவை அப்போஸ்தலர் தெரிந்துகொண்டதும் சீட்டினால். இதனைச் சொன்னோம்; அவர் மேலே ஒன்றும் கூறவில்லை. சூதில் பணயம் வைத்தவன் இழக்கின்றான். சீட்டிலோ கிடையாதவன் எதனையும் இழப்பதில்லை, அடுத்த குடத்திற்குக் காத்திருக்கின்றான். கட்டணத்தைச் சீட்டு விழுந்தபின்னரே பெறவேண்டுமென்பது இதனால் இன்றியமையாததாகின்றது. விண்ணப்பிப்பதற்கே பெருங்கட்டணம் பெற்றால் நம் ஆசிரியர் சொன்னது மெய்யாகிவிடும்.

இது நம் கற்பனைமட்டும் அன்று. அமெரிக்காவில் யோசமிட்டி வனத்திலுள்ள 'ஹாஃப் டோம்' என்னும் பெரும்பாறையில் ஏறுவதற்கு 1919-இல் இரும்புக்கயிறு கட்டினர். கூட்டம் பெருகி ஒருவர்மேல் ஒருவராய்த் தொங்கும் நிலை வரவே, 2010-இல் சில நாள்களுக்கும், அடுத்த ஆண்டுமுதல் எல்லா நாள்களுக்கும் சீட்டு ஏற்படுத்தினர், நாளொன்றுக்கு முந்நூறுபேர். பருவத்துக்கு முன்னே மார்ச்சு மாதம் முழுவதும் எவரும் எந்நேரத்திலும் விண்ணப்பிக்கலாம், முதல்நாள் விண்ணப்பித்தவர்க்கும் கடைசிநாள் விண்ணப்பித்தவர்க்கும் ஒரே வாய்ப்பு, பின்னர்க் குலுக்கல். எவரேனும் வரவில்லையெனில் அந்த இடம் வீணாகாவண்ணம், இரண்டு நாள் முன்னதாக மற்றுமொரு குலுக்கலும் உண்டு. அரிசோனா மாநிலத்தில் 'அலை' என்று பெயர்பெற்ற செம்மணற்பாறை வழிக்கு நெடுங்காலம் நாளொன்றுக்கு இருபதுபேர்க்கே இடமிருந்தது; 2021-இல் அறுபத்துநால்வராக உயர்த்தினர்; அங்கும் குலுக்கலே. இதிலோர் வியப்பு: அரிசோனா முதலிய அந்நாட்டு மேற்கு மாநிலங்களில் ஆற்றுநீருக்கு முந்தியவனுக்கே முதலுரிமை என்பது சட்டம். நீரை முந்தினவர்க்குக் கொடுக்கும் அவர்கள் மலைவழியைக் குலுக்கிக் கொடுக்கின்றனர். நீருக்கு முறைவைக்கும் நாமோ மலைவழியை முந்தினவர்க்குக் கொடுக்கின்றோம்!

கட்டணத்தை உயர்த்திவிட்டால் கூட்டம் தானே குறையும் என்பாரும் உளர். சப்பானில் பூசி மலையின் யமனாசி வழிக்கு 2024-இல் நாளொன்றுக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்து 2,000 யென் கட்டணம் விதித்தனர். மறு ஆண்டே அதனை 4,000 யென் ஆக்கினர். வரம்பு எத்தனை சரியோ, விலையால் வடிகட்டுதல் அத்தனை தவறு. அது தலைமடையைப் பணக்காரனுக்கு விற்றுவிடுவதாகும். அகத்தியர்கூடத்துக்கே அண்மையாண்டுகளில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கட்டணம். போக்குவரவும் உணவும் வேறு. நடவுக்கூலியால் மகனைப் படிக்கவைக்கும் தாய்க்கு அது எத்தனை நாட் கூலி என்று கணக்கிடுவார் கணக்கிடுக.

நம் தமிழக அரசு 2024 அக்டோபரில் மலைநடைக்கென்று ஓர் இணையத்தளம் திறந்து, பதினான்கு மாவட்டங்களில் நாற்பது வழிகளைப் பொதுமக்களுக்கு அளித்தது. ஒவ்வொரு வழிக்கும் பயிற்சிபெற்ற வழிகாட்டி உடன்வருவார். அவ்வழிகாட்டிகள் பெரும்பாலும் அவ்வம்மலையடிவாரத்துப் பழங்குடி இளைஞரும் ஊராரும் ஆவர். காட்டுத்தீக் காலத்தில் வழிகளை அடைத்துவிடுகின்றனர். குரங்கணிக்குப்பின் தடைமட்டும் செய்துகொண்டிராமல் இப்படி ஒழுங்குபடுத்தித் திறந்தமை பாராட்டுக்குரியது. அப்பதினான்கு மாவட்டங்களில் நம் காவிரிப்படுகை மாவட்டம் ஒன்றும் இல்லை. இல்லாத மலைக்கு யாரை நோவது! ஆனால் இதன் பொருளைக் கருதுக. மேற்குமாவட்டத்து மாணாக்கன் காலையிற் புறப்பட்டு மாலையில் வீடுதிரும்புவான். நமக்கு இரவுப்பேருந்தும் இரண்டு நாளும் வேண்டும். ஒருமுறை சீட்டுத் தவறினால் அவனுக்கு அடுத்த ஞாயிறு. நமக்கு அடுத்த விடுமுறை.

மற்றொரு கூட்டத்தாரைப்பற்றியும் சொல்லவேண்டும். சீட்டைப்பற்றிப் பேசும்போது நாமெல்லாரும் விருந்தினர் என்பதை மறந்துவிடுகின்றோம். பொதியத்தின் காடுகளிற் காணிக்காரர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 1987-இல் அம்மலைக்குச் சென்ற அறிவியலார் இளைத்து உட்கார்ந்தபோது, உடன்வந்த காணி வழிகாட்டிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தனர். அந்த ஆரோக்கியப்பச்சையினின்று 'ஜீவனி' என்னும் மருந்து பிறந்தது. 1995-இல் அதனைச் செய்யும் உரிமை ஒரு மருந்து நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது வந்த ஊதியத்தில் காணிக்காரர்க்கும் பங்கு வைத்தனர். பழங்குடியின் அறிவுக்குப் பங்குகொடுத்த முன்மாதிரியென்று உலகம் இதனைப் பேசிற்று. அம்மலையுச்சி அவர்க்குத் தெய்வத்தின் இருப்பிடம். பெண்டிரை உச்சிக்கு விடாதிருந்த வழக்கத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் நீக்கியபோது காணிக்காரர் சிலர் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்தனர்; 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் அம்மையார் அத்தீர்ப்புக்குப்பின் முதற்பெண்ணாக உச்சியேறினார்.

இவ்விடத்தில் நம் தோழர்க்குள்ளேயே இரண்டு கருத்து. நாம் தீர்ப்பின் பக்கமே நிற்கின்றோம். நாட்டின் பொதுச்சொத்துக்கு அரசு கொடுக்கும் சீட்டில் ஆண் பெண் என்ற பிரிவு இருத்தற்கில்லை. குடத்தில் இடப்படும் ஓலைக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. ஆயினும், காணிக்காரர் வருந்தியதை அறியாமை என்று ஒதுக்கியவரோடு நாம் சேரமாட்டோம். அவர்கள் மலைக்கு ஆண்டுக்கு எத்தனைபேர் வரலாம், எந்த நாள்களில் வரலாகாது என்று முடிவுசெய்யும் அவையில் அவர்க்கு இடம் உண்டா என்பதே முதற்கேள்வி. வாய்க்காலின் முறையை வாய்க்காற்கரையில் இருப்பவரைக் கேளாமல் யாரும் வைப்பதில்லை.

இனிக் குலுக்கலுக்கு எதிரே கூறப்படுவனவற்றுள் வலியது ஒன்று: ஒருவனே பத்துப்பெயரில் ஓலையிடுவான், தரகர் புகுவர் என்பது. புகுவர்தாம். இப்போதுள்ள ஓட்டத்திலும் அவர்கள் புகாமலில்லை. வேகமான பொறி அவர்களிடமே உள்ளது. ஒருவர்க்கு ஓர் அடையாள அட்டை, ஓர் அட்டைக்கு ஓர் ஓலை, பெயர்மாற்றம் கூடாது, வாயிலில் அட்டையும் முகமும் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வளவு செய்தால் பெரும்பகுதி அடங்கும். கூட்டமாகச் செல்ல விரும்புவோர் ஒரே ஓலையிற் பெயர்களை எழுதலாம். விழுந்தால் எல்லார்க்கும் விழும், இல்லையேல் எவர்க்கும் இல்லை. எங்கள் இரண்டு இடம்போல் வீணாகாது.

முயற்சியுடையவனுக்குப் பரிசும் சோம்பனுக்குத் தோல்வியும் தருவதே முந்துமுறை, குலுக்கல் முயற்சியைப் பழிக்கின்றது என்பர் வேறு சிலர். பதினொரு மணிக்கு விரலை அழுத்துவது முயற்சியென்றால், பதினொரு மணிக்கு நெல்மூட்டையருகே நிற்பதற்கு என்ன பெயர் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இக்கருத்துக்களை வைத்து இரு மாநில அரசுக்கும் அனுப்புதற்கென ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கின்றோம். பருவந்தோறும் விண்ணப்பத்தைப் பத்து நாளேனும் திறந்துவைக்கவேண்டும். ஊர்தோறுமுள்ள இ-சேவை மையத்திலும் அதனைக் கொடுக்க வசதி வேண்டும். தேர்வு குலுக்கலால் நடக்கவேண்டும். ஒருமுறை அவ்வழி சென்றவர் மூன்றாண்டு அவ்வழிக்கு ஓலையிடலாகாது. மாணாக்கர்க்குக் கட்டணத்திற் பாதி. காணிக்காரர் முதலிய மலைவாழ்நர் கருத்தறியாமல் எண்ணிக்கையை உயர்த்தலாகாது. இவ்வளவே அதன் சாரம். கடைமடைத் தோழர் முதற் கையொப்பம் இட்டிருக்கின்றார். படி ஒன்று நூல்நிலையத்தில் செய்தித்தாள் மேசைமேல் உளது. பழைய மாணவருள் அரசுப்பணியிலும் வழக்குமன்றத்திலும் உள்ளவர்கள் அதன் சொற்பிழை பொருட்பிழை திருத்தித் தந்தால், தலைக்காவிரித் துலாநீராட்டுக்கு முன்னரே அதனை அஞ்சலிற் சேர்த்துவிடலாம்.